மட்டக்குளியில் ஒரு பிள்ளைக்கு 9 மாத ஊசி தவறிவிட்டது

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 11 மாதம். சின்னமுத்து (தட்டம்மை) ஊசி இன்னும் போடவில்லை. தாய்க்கு நாட்கூலி வேலை. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. மழையில் பிள்ளையின் ஊசிக் கார்டும் ஊறி, பக்கங்கள் ஒட்டிப் போயிற்று. ஏசுவார்கள் என்று பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: பிந்தினாலும் போடலாம் அக்கா, காசும் கட்டத் தேவையில்லை. மிட்வைப் மிஸ்ஸிடம் பதிவு இருக்கும், கார்டுக்காக நிற்க வேண்டாம். 2019இல் இலங்கைக்குச் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று சான்று கிடைத்தது. 2023இல் கொழும்பில் திரும்பவும் பரவியது. தள்ளிப்போடாதீர்கள்.

பதில்: அம்மம்மா தூக்கிக்கொண்டு போகலாமே? என் மகனை அப்படித்தான் அனுப்பினேன். 3 வயதில் இரண்டாவது ஊசியும் இருக்கிறது, மறக்கவேண்டாம்.

கேட்டவர்: சரி, அடுத்த கிளினிக்குக்கு நானே கூடப் போகிறேன்.