கலைச்சொல் வேண்டும்: மைக்ரேஷன் ஆஸ்பிரேஷன் (வெள்ளிக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

சமூகவியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வாழ்க்கைத் திருப்திக்கும் நாட்டைவிட்டுப் போகும் ஆசைக்கும் என்ன தொடர்பு என்பது பொருள். ஆசை, திட்டம், ஆயத்தம் மூன்றையும் பிரித்துப் பேசுகிறது. காலப் (Gallup) நிறுவனம் பல நாடுகளில் நடத்தும் கருத்துக்கணிப்பும் அப்படித்தான்: வாய்ப்புக் கிடைத்தால் வேறு நாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவீர்களா என்பது முதல் கேள்வி, திட்டம் இருக்கிறதா, விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஆம் என்பவர்களில் கொஞ்சம் பேரே கடைசிப் படிக்கு வருகிறார்கள். முதற்படியான ஆசைக்கு, அதாவது மைக்ரேஷன் ஆஸ்பிரேஷனுக்கு, 'புலம்பெயர் விருப்பம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

———

> புலம்பெயர் விருப்பம்

புலம்பெயர் இருக்கட்டும். 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று பட்டினப்பாலையே சொல்லிவிட்டது. விருப்பம்தான் சப்பென்று இருக்கிறது. விழைவு என்க. விழாவும் இதே வேர் என்பது என் நெடுநாள் கட்சி. விழுமத்தையும் இதோடு சேர்க்கலாம், தனி மடலில் எழுதுகிறேன். திருப்தி வடசொல், மனநிறைவு என்று மாற்றுங்கள்.

———

ஐயா, தனி மடல் வரட்டும். ஆனால் பட்டினப்பாலை மாக்கள் வந்து சேர்ந்து இனிது உறைபவர்கள். நமக்கு வேண்டியது இன்னும் கிளம்பாதவருக்கான சொல். இன்றைக்குப் புலம்பெயர்ந்தோர் என்றால் போர் துரத்தியவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். குடிபெயர்வு போதும்.

> மனநிறைவு

இந்த ஆய்வுகளில் கான்ட்ரில் ஏணி என்று ஒன்று உண்டு. 0 முதல் 10 வரை படிகள். உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பார்கள். நான்காம் படிக்காரருக்கு 'நிறைவு 4' என்றா எழுதுவது? நிறைந்தால்தானே நிறைவு? திருப்தி கூடும், குறையும்.

———

நிறைகுறை கேட்டதில்லையா? வடசொல்லுக்கு வக்காலத்து வேண்டாம்.

———

'குடிபெயர்வு ஏக்கம்' எப்படி? வாழ்க்கை சலித்தவர்தானே போக நினைக்கிறார்.

———

அதுதான் கூடாது. பொதுவாகத் திருப்தி குறையக் குறைய ஆசை கூடுகிறது, உண்மை. ஆனால் ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும், பொதுவுடைமை ஆட்சியிலிருந்து மாறிய நாடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இரு முனையிலும் போகும் எண்ணம் அதிகமாகவே இருந்தது. திருப்தி அடிமட்டத்தில் உள்ளவரும் போக நினைக்கிறார், உச்சத்தில் உள்ளவரும் நினைக்கிறார். ஏக்கம் என்று பெயர் வைத்தால் கணக்கெடுக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறோம். நாட்டம் என்றால் எந்தப் பக்கமும் சாயாது.

———

நாடப்படுவதால்தான் நாடு என்று பெயரோ? அது போகட்டும், சங்கப் பாட்டில் தலைவன் பொருள் தேடிப் போகும் 'பொருள்வயிற் பிரிவு' இருக்க நாம் ஏன் புதிதாகப் படைக்க வேண்டும்?

———

பொருள்வயிற் பிரிந்தவன் கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன். கேள்வியிலேயே 'நிரந்தரமாக' இருக்கிறதே.

———

'குடிபெயர்வு நாட்டம்', 'வாழ்க்கைத் திருப்தி' என்று அனுப்பிவிட்டேன். பெரும்பாலோர் சரி என்றீர்கள், மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள். அடுத்த இயலில், ஆசை இருந்தும் போக வழியில்லாதவர் நிலைக்குக் கேப் வெர்டே தீவுநாட்டு ஆய்வில் ஆய்வாளர் யோர்கன் கார்லிங் 2002இல் பயன்படுத்திய 'இன்வாலன்டரி இம்மொபிலிட்டி' வருகிறது.

———

திருப்தியை நான் ஏற்கவில்லை, பதிவில் இருக்கட்டும். புதியதற்குச் 'செலவழுங்கல்' என்க, புறப்பட இருந்த தலைவன் போகாமல் நிற்பது. தொல்காப்பியமே தந்திருக்கிறது.

———

ஐயா, செலவழுங்கியவன் தலைவியை ஆற்றுவதற்காகத் தானாக நின்றவன். இவர்களை நிறுத்துவது விசாவும் பணமும். வேறு பார்ப்போம்.