சாதிச் சான்றிதழில் மதம்: மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி (செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

இயேசுவுக்கே புகழ். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து திருமுழுக்குப் பெற்ற குடும்பம். என் மகள் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். எங்கள் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் இருக்கிறது. என் கொழுந்தனார் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போதே இந்துப் பெயர் கொடுத்து, ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் வாங்கிவிட்டார். ஞாயிறு பூசைக்கு அவர்களும் எங்களுடன்தான் வருகிறார்கள். இப்போது உறவினர் எல்லோரும் என் மகளின் பெயரையும் அரசிதழில் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

சென்ற வாரம் குடும்ப செபமாலை முடிந்ததும் அவள் கேட்டாள்: "திருமுழுக்கு வாங்கியதால் நம்முடைய சாதி போய்விட்டது என்று அரசாங்கம் சொல்கிறது, அப்படியானால் நம் தெருவை ஊரார் ஏன் இன்னும் காலனி என்கிறார்கள்?" அவளுடைய தந்தையும் நானும் பதில் இல்லாமல் இருந்தோம். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, பெயரை மாற்றுவது பாவமா, இதே நிலையில் இருந்த குடும்பங்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

சகோதரி, சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. பின்னர் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள்; கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்த சூசை என்பவர், அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மதத்தின் காரணமாக மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறித்தவத்துக்குள்ளும் அந்த ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று 1985இல் அவருடைய மனு தள்ளுபடியானது. மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2023 ஏப்ரல் 19 அன்று கிறித்தவரான ஆதிதிராவிடருக்கு இந்தத் தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

உங்களுக்கு உடனடியாகத் தேவையானது 2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு. புதுச்சேரியில் குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண், எழுத்தர் பணிக்காகத் தாம் இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவர் என்பதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. சான்றிதழ் பின்னாளில் ரத்தானால், அதைக் கொண்டு பெற்ற இடமும் வேலையும் சேர்ந்தே போகக்கூடும். இருபது ஆண்டு வேலை பார்த்த பிறகு விசாரணைக் கடிதம் வந்து கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்தச் சுமையை உங்கள் மகளின் தோளில் ஏற்றாதீர்கள்.

பதில் (மறைக்கல்வி ஆசிரியர், கடலூர் மாவட்டம்)

அன்புச் சகோதரிக்கு. பொய்ச்சான்று சொல்லாதே என்பது கட்டளை. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் உங்கள் கொழுந்தனாரைப் பாவி என்று சொல்ல என் நா எழவில்லை. ஒருவன் தன் நம்பிக்கையைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும், மறைத்தால் படிப்பு கிடைக்கும் என்ற நிலையில் அவனை நிறுத்திய சட்டம் அநீதியானது. அதற்கான கணக்கைச் சட்டம் இயற்றியவர்களும் கொடுக்கவேண்டும்.

திருச்சபையும் கொடுக்கவேண்டும் என்பதை வேதனையோடு சொல்கிறேன். சாதி நம்மிடம் இல்லை என்று மேடையில் பேசிக்கொண்டே கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவரை விட்டுவைத்தவர்கள் நாம். 2008இல் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எறையூரில் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த மக்களிடையே எழுந்த சாதி மோதல், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழக்கும் அளவுக்குப் போனது. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1985இல் நீதிமன்றம் தேடிய சான்று நம் ஆயர்களின் கையெழுத்திலேயே இப்போது இருக்கிறது. ஆகவே உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: சாதி போகவில்லை, அதைச் சுமத்தியவர்களில் நம் ஆலயத்தில் பக்கத்தில் முழங்காலிடுபவர்களும் உண்டு, அப்படியிருந்தும் உன் தாத்தா இந்த விசுவாசத்தை விடவில்லை. 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதற்காகவும் பகைக்கப்பட்டவர் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். அவருடைய வாழ்வில் அவளுக்குச் சொந்தமான ஒன்று இருக்கிறது.

நவம்பர் மாதம் தலித் விடுதலை ஞாயிறு வரும்போது, ஒரு காணிக்கையோடு முடித்துக்கொள்ளாமல், படிக்கும் பிள்ளைகளின் கட்டணத்தை நம் பங்கு ஆலயமே ஏற்கவேண்டும் என்று உங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் சிறு குழுவில்) கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பதில் (பொறியியல் முடித்து வேலையில் இருப்பவர்)

அக்கா, நானும் இதே பிரிவில்தான் படித்தேன். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டில் வருகிறோம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் நமக்கு இடமில்லை, கட்-ஆஃப் வேறுபாடு உண்மையிலேயே வலிக்கும். ஆனால் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதைப் பல கல்லூரி அலுவலகங்கள் தாமாகச் சொல்வதில்லை. உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்தவளா?

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் நன்றி. பெயரை மாற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். தம்பி, அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவி பெறும் பங்குப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். அதனால் ஏதேனும் கிடைக்குமா?

பதில் (பொறியியல் முடித்து வேலையில் இருப்பவர்)

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது, அக்கா. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கல்லூரி திறந்த பிறகு அங்கே கூட்டம் அதிகமாகிவிடும்.