கராஜுக்கு ஏசி: ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? திருகோணமலைக்குப் புதியவன், அவசரம்

தஞ்சாவூர்க்காரன்:
வணக்கம். கல்யாணமாகி மனைவியின் ஊரான திருகோணமலைக்கே வந்துவிட்டேன். வீட்டை ஒட்டிய கராஜில்தான் என் வேலை. பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை, வேலைச் சாமான் எல்லாம் இளகிப்போகிறது. ஒப்புக்கொண்ட வேலையை ஆவணி கடைசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ஏசி ஒரு டன் வாங்குவதா, ஒன்றரை டன் வாங்குவதா? கடைக்காரர் இரண்டு டன் என்று சாதிக்கிறார். ஊரில் பழைய ஜன்னல் ஏசி ஒன்று சும்மா கிடக்கிறது, நாகப்பட்டினம் கப்பலில் கொண்டுவந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளி அண்ணை:
தம்பி, வாகனத்துக்குக் கீழே படுத்து வேலை செய்பவனுக்கு ஏசி எதற்கு? ஷட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, பின் சுவரில் பெரிய எக்ஸோஸ்ட் பேன் ஒன்று போடுங்கள், போதும். நான் டோகாவுக்குப் போன புதிதில் தகரக் கொட்டிலில் வெல்டிங் வேலை. ஓகஸ்ட் மாத வெயில். தண்ணீர்ப் போத்தலைத் தலையில் ஊற்றினால் அந்தத் தண்ணீரும் சுடும். அதிலேயே இருந்து பழகினோம். உங்களுக்கு இது முதல் கச்சான் காற்றுக் காலம், அதுதான் இப்படித் தெரிகிறது.

ஸ்காபரோவிலிருந்து திரும்பியவன்:
அண்ணை சொல்வதை விடுங்கள். பேன் சூட்டுக் காற்றைத்தான் சுழற்றும். முதல் வேலையாகக் கராஜ் கதவை இன்சுலேட் பண்ணுங்கள். கனடாவில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். போன புதிதில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன், ஜனவரியில் சுவரில் ஐஸ் படியும், ஹீட்டர் சுவிட்ச் வீட்டுக்காரனின் மாடியில். ஜாக்கெட்டோடு தூங்கின காலம் அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்ட்டபிள் ஏசி வாங்குங்கள். சுவரை உடைக்க வேண்டாம், போகிற இடத்துக்கு உருட்டிக்கொண்டே போகலாம்.

மதுரைக்காரி, சாம்பல்தீவு:
அண்ணா, நானும் கல்யாணமாகி இங்கே வந்தவள்தான். ஏசியே வேண்டாம். எங்கள் ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு ஏர் கூலர் வையுங்கள், கரண்ட் கம்மி. வந்த வருஷம் நான் வெயிலுக்கு அழவில்லை, உப்புக்குத்தான் அழுதேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, தையல் மெஷின், இரும்புக் கட்டில் எல்லாம் ஒரே மாரியில் துருப்பிடித்தது. விசா புதுப்பிக்கக் கொழும்புப் பக்கம் பத்தரமுல்லை வரைக்கும் போன கதையைச் சொன்னால் விடிந்துவிடும்.

பாலையூற்று அக்கா:
கடற்கரை ஊரில் கூலர் வைத்தால் அறை குளிராது, நசநச என்றுதான் இருக்கும். கச்சான் வீசும் சில நாள் காற்று காய்ந்திருக்கும், அன்றைக்கு வேண்டுமானால் கொஞ்சம் வேலை செய்யும். மற்ற நாளில் துணி கூடக் காயாது.

தம்பி டன் கணக்குக் கேட்கிறார், பில் கணக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே வீட்டு மின்சாரம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினாலே கணக்கு மாறும், 180ஐத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச விலையில். எங்கள் வீட்டில் ஏசி போட்ட மாதம் பில்லைப் பார்த்துவிட்டு இவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

உப்புவெளி அண்ணை:
பில் வருகிறதென்றால் கரண்ட் இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது ஏசி வைத்திருந்தவனும் பனையோலை விசிறிதான் வைத்திருந்தான்.

ஸ்காபரோவிலிருந்து திரும்பியவன்:
2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதே. அந்தக் கிழமைதான் நான் கனடாவிலிருந்து வந்து இறங்கினேன். மனைவி திரும்பிப் போகலாம் என்றாள்.

மதுரைக்காரி, சாம்பல்தீவு:
குரங்கு எங்கள் கூரையிலும் உண்டு. ஏசி வெளிப்பெட்டிக்குப் போகிற குழாயில் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பொஞ்சை உரித்துத் தின்றுவிட்டது. டவுனில் மான் தொல்லை வேறு. கராஜைத் திறந்து போட்டால் உள்ளே வந்து நிற்கும். ஷட்டர் திறந்து வைக்கச் சொல்கிற அண்ணா அதையும் யோசிக்க வேண்டும்.

உப்புவெளி அண்ணை:
மான் வந்தால் என்ன பிள்ளை, ஸ்பானரையா தின்னப்போகிறது?

ஏசி வேலை செய்பவன், உவர்மலை:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். கேள்வி கேட்டவரிடம் ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. அண்ணா, இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். கராஜ் எத்தனை அடிக்கு எத்தனை அடி? கூரை கொங்கிரீட்டா, சீற்றா, கீழே சீலிங் உண்டா? சொந்த வீடா, வாடகையா? மெயின் சுவிட்ச் எத்தனை அம்பியர்? உள்ளே பெயின்ட், தின்னர், வெல்டிங் ஏதும் உண்டா? முக்கியமாக, அங்கே இளகுகிறது என்றீர்களே, அது என்ன? அதுவரை முன்பணம் கட்டாதீர்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
12க்கு 18 அடி. அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் கிடையாது. வாடகை வீடு. மெயினில் 30 என்று போட்டிருக்கிறது. நான் வாகனம் பார்ப்பவன் இல்லை. வீணை செய்கிறேன், பழையதைப் பழுதும் பார்ப்பேன். மெட்டுகளை, அதாவது விரல் வைத்து வாசிக்கிற உலோகக் கம்பிகளை, பதிக்கிற மெழுகுதான் இளகுகிறது. காலையில் சுருதி பார்த்து 24 மெட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது நகர்ந்திருக்கிறது. நவராத்திரிக்கு முன் நான்கு வீணை கொடுத்தாக வேண்டும். கடைசியில் கொஞ்சம் வார்னிஷ் அடிப்பேன்.

பாலையூற்று அக்கா:
வீணையா! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? என் மகளின் வீணைக்கு மேளம் கட்ட, அதுதான் மெட்டு வைக்க, ஆள் தேடி யாழ்ப்பாணம் வரைக்கும் கேட்டுப் பார்த்தோம். பிறகு உங்களிடம் கொண்டுவருகிறேன்.

ஸ்காபரோவிலிருந்து திரும்பியவன்:
அப்படியென்றால் 18 பாகையில் வைத்துவிட்டு வேலை செய்யுங்கள், மெழுகு கல்லாகிவிடும்.

ஏசி வேலை செய்பவன், உவர்மலை:
18 வேண்டாம். மெழுகு பிழைக்கும், வீணையின் பலா மரம் வெடிக்கும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடும். பகலில் 18இல் அளவுக்கு மீறிக் காயவிட்டு இரவில் நிறுத்தினால் மரம் திரும்ப ஈரம் குடிக்கும். இந்தப் பெரிய ஏற்ற இறக்கம்தான் ஒட்டுப்போட்ட இடத்தைப் பிளக்கும். 26, 27 பாகையில் ஒரே சீராக வையுங்கள். ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. குளிர்காற்று நேராக வீணையில் படக் கூடாது.

டன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கூரைக்குக் கீழே முழுக் கராஜையும் குளிர வைக்க இரண்டு டன்னும் திணறும், கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் நான்கு வீணைக்கு 216 சதுர அடி எதற்கு? பின்பக்கம் 12க்கு 10 அடியை மறித்துப் பலகைத் தடுப்பும் ஒரு கதவும் போடுங்கள். அதற்கு மட்டும் சீலிங் அடித்து, மேலே வெள்ளி போயில் ஒட்டிய இன்சுலேஷனை விரியுங்கள். சீற்றில் துளை போடவோ வெட்டவோ வேண்டாம், அஸ்பெஸ்டஸ் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சீலிங் சட்டத்தைச் சுவரில் நிறுத்தலாம். இதைச் செய்தால் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி தாராளம். டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு, ஒரு டன் என்றால் 12,000 பிடியூ, பெட்டியில் அதைப் பாருங்கள்.

போர்ட்டபிள் வேண்டாம். ஒற்றைக் குழாய் உள்ளது அறைக் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப ஷட்டர் இடுக்கால் வெளிச்சூடு உள்ளே வரும். ஊரிலுள்ள ஜன்னல் ஏசியையும் மறந்துவிடுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான், ஓடும். ஆனால் சுங்கத்தில் பேசி, ஏற்றி இறக்கி, இங்கே வாரண்டியும் இல்லாமல், பழைய கம்பிரசருக்கு அவ்வளவு செலவு எதற்கு?

30 அம்பியர் மெயின் ஒரு டன்னுக்குப் போதும். ஆனால் பிளக் பொயின்ட் வயரில் கொளுவாமல், போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியா என்று வயர்மனிடம் முதலில் காட்டுங்கள். பழைய வாடகை வீடுகளில் நான் அதை நம்புவதே இல்லை.

வெளிப்பெட்டியைக் கடல்காற்று நேராக அடிக்காத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். செப்புக் கொயில், மேலே பூச்சு உள்ளதாக வாங்குங்கள். மாதம் ஒரு தடவை ஏசியை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் வெளிக் கொயிலைக் கழுவினால் உப்பு படியாது. மரத்தூள் உங்களுக்கு இன்னொரு தலைவலி. குடம் குடைவது, அரம் போடுவது, ராவுவது எல்லாம் தடுப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெழுகும் சுருதியும் மட்டும். வார்னிஷும் வெளியேதான், ஸ்பிளிட் ஏசி இருக்கிற காற்றையேதான் சுற்றும், புதுக் காற்று எடுக்காது.

உப்புவெளி அண்ணை:
அப்போ வெளி அறைக்கு என் எக்ஸோஸ்ட் பேன் சரிதானே?

ஏசி வேலை செய்பவன், உவர்மலை:
சரிதான் அண்ணை. தூசிக்கும் வார்னிஷுக்கும் அதுதான் வேண்டும்.

தஞ்சாவூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. வீட்டுக்காரரிடம் பேசினேன், சுவரில் துளை ஒன்றுக்குச் சம்மதம், காலி பண்ணும்போது பூசிக் கொடுக்க வேண்டுமாம். பில் எவ்வளவு வரும்? வடிகிற தண்ணீரை எங்கே விடுவது? கராஜுக்குப் பின்னால் வடிகால் இல்லை.

ஏசி வேலை செய்பவன், உவர்மலை:
அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சின்ன அறை, 26 பாகை, நாளைக்கு ஆறு மணித்தியாலம் என்றால் சராசரியாக நான்கு யூனிட், மாதத்துக்கு 120ஐ ஒட்டி. அதை வீட்டுப் பாவனையோடு கூட்டிப் பாருங்கள், அக்கா சொன்ன 180 அங்கேதான் வரும். வேலை பெருகினால் வியாபார இணைப்புக்கு மாற வேண்டி வரும், அதன் கட்டணம் வேறு.

தண்ணீர்க் குழாயைச் சரிவாக இறக்கி வாழை மரத்தடியில் விடுங்கள். வாளியில் பிடித்து வைக்காதீர்கள், நுளம்பு முட்டையிட்டால் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நிற்பார். வீடு மாறும்போது குழாயை வெட்ட விடாமல், கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டிக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்த வீட்டிலும் அதையே மாட்டலாம்.

பாலையூற்று அக்கா:
சீலிங் அடிக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கிறார், இந்தக் கிழமை வேலை இல்லாமல்தான் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வரச் சொல்லவா?

தஞ்சாவூர்க்காரன்:
வரச் சொல்லுங்கள் அக்கா. காலை ஒன்பதுக்கு முன்னால் வந்தால் நல்லது.