மறுமொழி: தாத்தாவின் பழங்காசுகளை யாருக்குக் கொடுப்பது?

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தாத்தா விட்டுச்சென்ற காசுகளை விற்றுவிடலாமா, பல்கலைக்கழகம் எதற்காவது கொடுக்கலாமா என்று தம்பி கேட்டிருந்தார். தயங்காமல் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இதில் நான் பெரிதும் மதிக்கும் மனிதர் பிலிப் கிரியர்சன்.

டப்ளினில் 1910இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் இடைக்கால ஐரோப்பிய வரலாறு கற்பித்தவர். 1944 இறுதியில் தந்தையின் வீட்டில் கிடந்த ஒரு பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) செப்புக்காசு அவர் கையில் சிக்கியது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஃபோக்காஸ் பேரரசன் வெளியிட்டது. அன்று பிடித்த ஆர்வம் 2006இல், 95 வயதில், அவர் மறையும் வரை விடவில்லை. அதற்குள் ஏறத்தாழ 20,000 இடைக்காலக் காசுகளைச் சேர்த்திருந்தார். அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாயின. அவற்றை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததுதான் இடைக்கால ஐரோப்பிய நாணயங்கள் பற்றிய பெரும் நூல்வரிசை. அதன் முதல் தொகுதியை மார்க் பிளாக்பர்னுடன் சேர்ந்து 1986இல் அவரே வெளியிட்டார்.

அவர் காசு சேர்த்தது அலமாரியை அழகுபடுத்த அன்று. பாடம் நடத்தவும் ஆராயவும். இந்த வேறுபாடு முக்கியமானது. அழகுக்குச் சேர்ப்பவர் சிதைந்த காசை ஒதுக்கிவிடுவார். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு ஒன்று ஓடுகிறது. சந்தையில் அது குறை. ஆய்வாளருக்கோ அந்த வெட்டுதான் கேள்வியே: யார் வெட்டினார்கள், எதற்காக, எந்தக் காசை வெட்டாமல் விட்டார்கள்?

ஆகவே தம்பி, தேய்ந்தது, உடைந்தது என்று எதையும் கழித்துவிடாதீர்கள். துலக்கவும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் செம்பைப் பளிச்சென்று ஆக்கும். அதோடு நூற்றாண்டுகளாகப் படிந்த பாசிநிறப் படலமும், சில வேளைகளில் எழுத்தின் விளிம்பும் போய்விடும். மென்மையான பிவிசி (PVC) பிளாஸ்டிக் உறைகளில் காசுகளை வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். நாள்பட அது பசை போலக் கசிந்து உலோகத்தை அரிக்கும்.

எல்லாவற்றையும்விட, காசோடு இருக்கும் சீட்டுகள். அருங்காட்சியகங்களின் நாணய அறைகளில் உள்ள இழுப்பறைத் தட்டுகளில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி உண்டு. அதன் அடியில் வட்டமாக வெட்டிய சிறு காகிதம். எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். காசின் எடையை நாளைக்கும் நிறுக்கலாம், உலோகத்தை நாளைக்கும் சோதிக்கலாம். கிடைத்த இடத்தை மட்டும், தெரிந்தவர் போன பிறகு யாராலும் மீட்க முடியாது. ஒரே புதையலில் வந்தவை என்றால் கூடவே இருக்கட்டும். அதில் கடைசியாக அச்சிட்ட காசுதான் அது புதைக்கப்பட்ட காலத்துக்கு வழிகாட்டும். பிரித்தால் அந்தச் சாட்சியம் போயிற்று. தாத்தாவின் கையெழுத்தில் துண்டுச்சீட்டோ கடிதமோ கணக்குப் புத்தகமோ இருந்தால், காசைப் போலவே அவற்றையும் காப்பாற்றுங்கள்.

இன்னொன்று: காசுகள் இந்தியாவில் இருந்தால் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கே கொடுங்கள். 100 ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நல்ல நோக்கத்தோடு என்றாலும் தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பட்டியல் போட்டு, இருபுறமும் படம் எடுத்து, பெறுபவரின் கையொப்பம் வாங்கிய பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பட்டியல் போட நான் உதவுகிறேன். அத்தை, சித்தப்பா என்று தாத்தாவோடு பழகிய பெரியவர்களிடம், காசுகள் எங்கிருந்து வந்தன என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.