"பாப்பா, ஆ காட்டு": இது பாசமா?

மழைச்சாரல்: "வயதானால் எல்லோரும் குழந்தைதான், பாப்பா என்று கொஞ்சினால்தான் சாப்பிடுவார்கள்" என்று நிலாமுற்றம் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா முப்பது வருடம் கணக்கு வாத்தியார். பார்த்துக்கொள்ள வந்தவர் கரண்டியை நீட்டி "பாப்பா, ஆ காட்டு" என்றதும் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் போய் "அப்பா, சாப்பிடலாமா?" என்றேன், தானே கரண்டியை வாங்கிக்கொண்டார்.

நிலாமுற்றம்: பத்து வருடமாக இதே வேலை எனக்கு. ஒரே ஒரு வேளை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுப் பாடம் எடுக்காதீர்கள். மறதி நோய் முற்றிய அம்மா ஒருவர் பாப்பா என்றால்தான் சிரிப்பார். பாசத்தில் என்ன தப்பு?

மழைச்சாரல்: பாசம் உங்களுக்கு, அவமானம் அவருக்கு. 2009இல் அமெரிக்காவில் மறதி நோயாளிகளிடம் செய்த ஆய்வில், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசியபோதுதான் அவர்கள் அதிகம் முரண்டு பிடித்தார்கள்.

நிலாமுற்றம்: நானும் தேடிப் படித்தேன். 20 பேர்! 20 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பா?

ஊர்க்குருவி: பாப்பாவை விடுங்கள். கிழவன் என்றாலே கோபப்படுகிறார்களே, அதற்கு உரியவன், தலைவன் என்றுதான் பழைய பொருள். முருகனே குறிஞ்சிக் கிழவன். நிலக்கிழார் என்று இன்றும் சொல்கிறோம்.

மழைச்சாரல்: பழைய பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "ஏ கிழவா, தள்ளு" என்பவர் தலைவனையா கூப்பிடுகிறார்? போன மாதமும் இப்படித்தான் சொல்லாராய்ச்சி செய்து பேச்சைத் திருப்பினீர்கள். உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் 'முதுமை' என்று ஒரு குறியீடு வைக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பெயரை மாற்றியது. சொல் முக்கியம். அறுபது வருடம் பெயரோடு வாழ்ந்த மனுஷி எப்படிப் பாப்பா ஆவார்?

ஊர்க்குருவி: நான் எதையும் திருப்பவில்லை. உங்களுக்குத் தமிழ் பேசினாலே ஆகாது.

நிலாமுற்றம்: வாத்தியார் மகள் என்பதால் எல்லோரையும் திருத்த வேண்டுமா? படுக்கையை மாற்றி, புண்ணுக்கு மருந்து போட்டு, ராத்திரியெல்லாம் விழித்திருப்பவள் நான்.

மழைச்சாரல்: உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவே இல்லை. பாப்பா என்ற அந்த ஒரு சொல்லைத்தான் கேட்கிறேன். அந்த அம்மாவை எத்தனை நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள்?

நிலாமுற்றம்: பெயர் சொன்னால் திரும்ப மாட்டார். சரி, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

மழைச்சாரல்: எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.