கையை உதறாம உட்கார வைக்கணுமா? பையனுக்கு ஒன்பது வயசு

காட்பாடி_அம்மா:
பையனுக்கு ஆட்டிசம். பேச்சு கம்மி. ஆனா ஸ்டேஷன்ல உட்கார வச்சா, எந்த வண்டி ஜோலார்பேட்டை பக்கம் போகும், எது திருவண்ணாமலை வழியா விழுப்புரம் போகும்னு அறிவிப்புக்கு முன்னாடியே சொல்லிடுவான். வண்டி உள்ள வர்றப்போ ரெண்டு கையையும் உதறிக்கினு குதிப்பான். தெரபி சென்டர்ல முதல்ல அதைத்தான் நிறுத்தணுமாம். "கை கீழ, என் கண்ணைப் பாரு." செஞ்சா ஒரு ஜெம்ஸ். அங்க சமர்த்தா செய்யறான், வீட்டுக்கு வந்ததும் தலையைச் சுவத்துல முட்டிக்கறான். வைகாசில குடியாத்தத்துல நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள நார்மலா உட்காரப் பழக்கிடுன்னு மாமியார் சொல்றாங்க. தொடரலாமா, நிறுத்திடலாமா?

ஆற்காட்டான்:
விடாதீங்க மேடம். எங்க அக்கா பையனை ரெண்டு போட்டுதான் உட்கார வச்சோம், இப்போ பத்தாவது பாஸ். நாளைக்கு நாலு பேர் சிரிச்சா நீங்கதானே அழணும்?

ராணிப்பேட்டை_செக்கிங்:
அக்கா, எனக்கே ஆட்டிசம். வயசு 34, ஷூ கம்பெனில அப்பர் செக்கிங், அதாவது ஷூவோட மேல்பாகத் தையலைச் சரிபார்க்கற வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ல பட்டுடும். அதே கண்ணால சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தா அவர் சொல்ற ஆர்டர் நம்பர் காதுல ஏறாது. மேசையைப் பார்த்துக்கினு கேட்டா முழுசா நிக்கும். அவருக்கு இது புரிய ரெண்டு தீபாவளி ஆச்சு, அது வேற கதை.

அமெரிக்க சைக்காலஜிஸ்ட் லோவாஸ், ஆட்டிசம் உள்ள பசங்களுக்குத் தந்த பயிற்சியைப் பத்தி 1987-ல ஒரு கட்டுரை போட்டார். பயிற்சி எடுத்த பசங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேரை மத்த பசங்ககிட்டருந்து பிரிச்சே சொல்ல முடியலைன்னு அதுல இருக்கு. அந்தப் பயிற்சில அதட்டலும் தொடையில அடியும் உண்டு. உங்க சென்டர் அடிக்கல, ஜெம்ஸ் தருது. ஆனா ஆட்டிசம் வெளிய தெரியக்கூடாதுங்கற குறிக்கோள் அப்படியே இருக்கே.

அடுத்தவங்க மனசு எங்களுக்குப் புரியாதுன்னு வேற சொல்வாங்க. 2020-ல எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு கதையை ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டு வரிசையா கடத்தச் சொன்னாங்க. எல்லாருக்கும் ஆட்டிசம் உள்ள வரிசையும், யாருக்குமே இல்லாத வரிசையும் ஒரே அளவுக்குத்தான் கதையைக் காப்பாத்துச்சு. கலந்த வரிசைலதான் அதிகமா உதிர்ந்து போச்சு. அப்போ புரியாமை ரெண்டு பக்கமும்தானே?

குடியாத்தத்துல கங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு பம்பை அடிச்சா ஆளாளுக்குக் கையை உதறி ஆடறாங்க. யாரையும் தெரபிக்கு அனுப்பறதில்ல. உங்க மாமியாரும் கும்பிடத்தான் செய்வாங்க.

தெரபியே வேணாம்னு சொல்லல. ரோடு கடக்க, பல்லு வலிச்சா வலிக்குதுன்னு காட்ட, "போதும்"னு படத்தைத் தொட்டுச் சொல்ல, இதெல்லாம் கத்துத் தரச் சொல்லுங்க. மாட்டேன்னா சென்டரை மாத்துங்க. தலை முட்டறதை மட்டும் தள்ளிப்போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

@ஆற்காட்டான்: அந்தப் பையன்கிட்ட ஒருநாள் கேட்டுப் பாருங்கண்ணே.

காட்பாடி_அம்மா:
ரொம்ப நன்றிப்பா. கல்யாணத்துக்கு என்ன பண்றது? மேளம் இருக்கும், ஸ்பீக்கர் இருக்கும்.

ராணிப்பேட்டை_செக்கிங்:
ரிசப்ஷனை விடுங்க. முகூர்த்தத்துக்கு மட்டும் வாங்க, வாசல் பக்கம் நாற்காலி, காதுக்கு ஹெட்போன். முந்தின நாளே காலி மண்டபத்தை ஒரு சுத்து காட்டிடுங்க. கையை உதறினா உதறட்டும்.

வாலாஜா_டீச்சர்:
யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்தாச்சாம்மா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல ஆட்டிசமும் ஒண்ணு. பொதுத்தேர்வு வந்ததும் கூடுதல் நேரம், சொல்றதை எழுதற ஆள் கேக்கறதுக்கெல்லாம் சர்டிபிகேட் வேணும். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரில விசாரிங்க. பையன் ஆதாரும் போட்டோவும் கையில இருக்கட்டும்.