கப்பல் நடுக்கடலில் நின்றுபோனால்? அப்பா அம்மாவை அனுப்பலாமா?

ரேவதி_மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி, அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறான். கால்வெஸ்டன் துறைமுகத்தில் கிளம்பி, மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போய்த் திரும்பி வரும் ஐந்து நாள் பயணம். அப்பாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. நாலு மாடி ஏறுவது அவரால் முடியாது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் ஒரு கதை சொல்லிவிட்டார். அதே கால்வெஸ்டனில் இருந்து கிளம்பிய ஒரு கப்பல் 2013-ல் தீப்பிடித்து, கரண்ட் இல்லாமல், கழிவறை இல்லாமல் நாள் கணக்கில் கடலில் கிடந்ததாம். அன்றிலிருந்து அம்மா வரமாட்டேன் என்கிறார். அப்பா, "பஸ் நின்றால் இறங்கி நடக்கலாம், கப்பல் நின்றால் எங்கே நடப்பது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கதை உண்மையா? அப்படி நடந்தால் உள்ளே இருக்கும் ஜனங்கள் என்ன ஆகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகப்பல்காரன்:

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன். பயணிகள் கப்பல்களில் மின் அதிகாரியாகப் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கரண்ட் போனால் முதலில் ஓட வேண்டியவன் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது உண்மை. கப்பலின் பெயர் கார்னிவல் ட்ரையம்ஃப். பயணிகளும் ஊழியர்களுமாக 4,200 பேருக்கு மேல். 2013 பிப்ரவரி 7 வியாழக்கிழமை கிளம்பி, திங்கட்கிழமை திரும்ப வேண்டியது. ஞாயிறு விடியற்காலையில் என்ஜின் ரூமில் தீ. ஜெனரேட்டருக்குப் போகும் எரிபொருள் குழாய் ஒன்று கசிந்து, சூடான பாகத்தில் எண்ணெய் பட்டுப் பற்றிக்கொண்டது. தீயை அணைத்துவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் கரண்ட் திரும்ப வரவில்லை. முதலில் மெக்சிகோவின் ப்ரோக்ரெஸோ துறைமுகத்துக்கு இழுத்துப் போகத்தான் திட்டம். நீரோட்டம் கப்பலை வடக்கே தள்ளிக்கொண்டு போனதால் அலபாமாவின் மொபீல் துறைமுகத்துக்கு இழுவைப் படகுகளை வைத்து இழுத்தார்கள். கரை சேர்ந்தது அடுத்த வியாழன் இரவு.

இப்போது கழிவறை விஷயம். கப்பல் கழிவறை நம் வீட்டுக் கழிவறை மாதிரி இல்லை. தண்ணீர் ஊற்றினால் போகாது, காற்றால் உறிஞ்சி இழுக்கும் பம்ப் வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும். எல்லாப் பயணிகள் கப்பலிலும் மேல் தளத்தில் தனியாக ஒரு அவசர ஜெனரேட்டர் இருக்கும். சட்டப்படி 45 வினாடிக்குள் அது எடுக்க வேண்டும், 36 மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் அது எதற்கு? அவசர விளக்கு, ஒலிபெருக்கி, ரேடியோ, தீயணைப்பு பம்ப், சுக்கான். உயிரைக் காப்பாற்றத் தேவையானது மட்டும். ஏசி, சமையலறை, கழிவறை அதில் கிடையாது. ட்ரையம்ஃப் கப்பலில் சிவப்புப் பைகளைக் கொடுத்து அதில் மலம் கழிக்கச் சொன்னார்கள், சிறுநீருக்குக் குளிக்கும் இடத்தைக் காட்டினார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபோது நடைபாதைகளில் கழிவு நீர் வந்தது. பத்திரிகைகள் அதை வைத்தே கப்பலுக்குப் பட்டப் பெயர் சூட்டிவிட்டன.

சரி, ஜனங்கள் என்ன ஆகிறார்கள்? என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டு கப்பல்களில் எனக்கு முழு இருட்டு நேர்ந்தது. இரண்டுமே கரீபியன் கடலில். முதல் கப்பலில் பதினான்கு மணி நேரம், இரண்டாவதில் இருபத்திரண்டு. கரண்ட் போன அரை மணி வரை யாரும் பயப்படுவதில்லை. ஏசி சத்தம் நின்றவுடன் கப்பலே காது கேட்காமல் போனது மாதிரி ஓர் அமைதி வரும். அப்புறம் எல்லோரும் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். இரண்டாவது மணியில் வெக்கை ஆரம்பிக்கும். முதலில் வெளியே வருகிறவர்கள் உள் கேபின்காரர்கள். ஜன்னல் இல்லாத அறை, டிக்கெட் விலை குறைவு. அவர்கள் போர்வை, தலையணை, சில சமயம் மெத்தையையே இழுத்துக்கொண்டு திறந்த டெக்குக்கு வருவார்கள். பால்கனி அறைக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். ஒரே கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அது இரண்டு கப்பல்.

கோபம் வெக்கையால் வருவதில்லை. பொய்யால் வருகிறது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை, முதல் கப்பலில் பார்த்தேன். "ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆனது. மறுபடியும் அதையே சொன்னார்கள். எங்கள் சுவிட்ச்போர்டு கருகிக் கிடந்தது எனக்குத் தெரியும், அன்றைக்குள் சரியாகாது என்று மேலே சொல்லியும் அனுப்பியிருந்தேன். மூன்றாவது முறை அதே அறிவிப்பு வந்தபோது வரவேற்பு மேசையில் இருந்த பெண்மீது ஒருவர் தண்ணீர் பாட்டிலை எறிந்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது கப்பலின் கேப்டன் வேறு மாதிரி. முதல் அறிவிப்பிலேயே, "எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் சரியாக நான் பேசுவேன். புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் பேசுவேன்" என்றார். ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் பேசினார், தூங்குகிறவர்களுக்காகத் தாழ்ந்த குரலில், டெக்கில் மட்டும். இருபத்திரண்டு மணி நேரம். ஒருவரும் கை ஓங்கவில்லை. அவசர சுவிட்ச்போர்டுக்கு ஓடும்போது ஒரு பாட்டி என் வேலை உடுப்பைப் பிடித்து நிறுத்தி, "நீ பயப்படுகிறாயா?" என்று கேட்டார். "இல்லை, களைத்துப் போயிருக்கிறேன்" என்றேன். "அப்படியென்றால் சரி" என்று கையை விட்டார். பயணிகள் அறிவிப்பைவிட ஊழியர்களின் முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

ட்ரையம்ஃபிலும் இரண்டும் நடந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை. சிலர் தேவைக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்னொரு பக்கம், படுக்கை விரிப்பால் கூடாரம் கட்டிக்கொண்டு அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள், கூடி ஜெபம் செய்தார்கள். இறங்கியவர்களில் நிறையப் பேர் நிறுவனத்தைத் திட்டினாலும் ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினார்கள். அந்தச் சிவப்புப் பைகளைச் சுமந்தவர்கள் அவர்கள்தானே. மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காத பிள்ளைகள். இதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படும் தகவல் ஒன்று. ட்ரையம்ஃபில் டயாலிசிஸ் தேவைப்பட்ட ஒரு பயணியை, உதவிக்கு வந்த இன்னொரு கப்பலுக்கு மாற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். கப்பல் நின்றாலும் மருத்துவர் நிற்பதில்லை. ஏறியவுடன் மருத்துவ அறைக்குப் போய், இன்சுலின் போடுகிறவர் இந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

ஷார்ஜா_மீனா:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. மத்தியதரைக் கடலில் நாங்கள் போன கப்பல் ஒன்பது மணி நேரம் நின்றது. இரண்டு குழந்தைகள், சின்னவளுக்கு மூன்று வயது. எட்டாவது தளத்தில் அறை, லிஃப்ட் இல்லை, படிக்கட்டில் அவசர விளக்கு மட்டும். எனக்குப் பயமாக இருந்தது கடலைப் பார்த்து இல்லை. குடிதண்ணீர் எப்போது தருவார்கள் என்று யாரும் சொல்லாததால்தான். நானும் அந்த மேசையில் நின்று ஒரு சின்னப் பெண்ணிடம் கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். அரை மணி கழித்து அவளே எங்கள் அறையைத் தேடி இரண்டு பாட்டில் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவந்தாள். கணவர் அன்று ராத்திரி முழுக்க மற்றவர்களின் தண்ணீர்ப் பெட்டிகளைப் படியில் தூக்கிக் கொடுத்தார். வேலை கிடைத்தவுடன் அவர் பதற்றம் போய்விட்டது.

ரேவதி, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அறை எந்தத் தளம் என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கணேஷ்_பீளமேடு:

எதற்கு இந்த ரிஸ்க்? 2019-ல் நார்வேயில் வைக்கிங் ஸ்கை கப்பலில் இருந்து வயதானவர்களைக் கயிற்றில் கட்டி ஹெலிகாப்டரில் தூக்கியதை எல்லோரும் பார்த்தோம். எழுபது வயதுக்காரரை அப்படித் தொங்கவிட வேண்டுமா? பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நயாகரா காட்டுங்கள்.

பழையகப்பல்காரன்:

கணேஷ் தம்பி, உங்கள் பயம் நியாயம். அந்தக் கப்பலில் 1,373 பேர். புயலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில், குறைவாக இருந்த மசகு எண்ணெயைப் பம்ப்புகளால் உறிஞ்ச முடியாமல், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் நின்றன. பாறைக்கு மிக அருகே போய்விட்டது. 450 பேருக்கு மேல் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். உள்ளே என்ஜின்காரர்கள் ஜெனரேட்டர்களை மறுபடி ஓடவைத்து, மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு உயிர் போகவில்லை. ஆனால் அது மார்ச் மாதத்து நார்வே, ஹுஸ்டாட்விக்கா என்ற கப்பல்காரர்கள் அஞ்சும் கடல். மெக்சிகோ வளைகுடாவை அதோடு சேர்க்கக் கூடாது. வளைகுடாவில் பயப்பட வேண்டியது புயல் பருவத்துக்கு, ஜூனில் இருந்து நவம்பர் வரை.

2013-க்கு அப்புறம் நிறைய மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரையம்ஃபின் நிறுவனமான கார்னிவல் 30 கோடி டாலர் செலவில் தன் கப்பல்களில் வேலை பார்ப்பதாக அறிவித்தது. கழிவறை, குடிநீர், லிஃப்ட் ஓடும் அளவுக்குக் கூடுதல் அவசர மின்சாரமும் அதில் உண்டு. 2010 ஜூலைக்குப் பிறகு கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்களுக்கு, ஒரு என்ஜின் ரூம் எரிந்தாலும் சொந்த பலத்தில் துறைமுகம் சேர வேண்டும், அதுவரை கழிவறையும் தண்ணீரும் சாப்பாடும் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. 2010 நவம்பரில் அதே நிறுவனத்தின் கார்னிவல் ஸ்ப்ளெண்டர் கப்பலும் கரண்ட் போய்க் கடலில் நின்றது. எதனால்? ஒரு ஜெனரேட்டர் வெடித்தது, தீயில் கேபிள்கள் எரிந்தன, அதனால் நன்றாக இருந்த இன்னொரு என்ஜின் ரூமின் கரண்டும் வெளியே போக வழியில்லை. மின்காரனாக எனக்கு அந்தச் செய்தி இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஓர் இடம் பழுதானால் மொத்தக் கப்பலும் செயலற்றுப் போகிற அப்படிப்பட்ட நிலையைத் தடுக்கத்தான் அந்த விதி.

ரேவதி, தம்பியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கப்பல் எந்த வருடம் கட்டியது? பழையது என்றால் விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் உள் கேபின் வேண்டாம்.

மருந்துக்கடை_சுபா:

இன்சுலின் பற்றி மட்டும். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியோ பேனாவோ பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும், ஒவ்வொரு வகைக்கும் கொஞ்சம் மாறும், மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஏசி நின்ற அறையில் 30-ஐத் தாண்டும் என்பதால் தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கரண்ட் தேவையில்லை. பயண நாட்களுக்கு இரண்டு மடங்கு மருந்து, கைப்பையில். பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும், குளுகோஸ் பொட்டலமும் பிஸ்கட்டும் அப்பா சட்டைப் பையில் இருக்கட்டும். மருத்துவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

ரேவதி_மடிப்பாக்கம்:

அண்ணாச்சி, மீனா அக்கா, சுபா, கணேஷ் எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதை அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பாட்டி கேட்ட இடத்தில் அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார். தம்பி பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளி, நடுக்கப்பலில், திறந்த டெக்குக்கு இரண்டு மாடி கீழே, பால்கனி அறையாக மாற்றிவிட்டான். ஒரு சந்தேகம்: கையில் என்னென்ன கொடுத்து அனுப்பட்டும்?

பழையகப்பல்காரன்:

நல்லது தங்கச்சி. இரண்டு டார்ச், ஆளுக்கு ஒன்று. போனை விளக்காகப் பயன்படுத்தினால் நாலு மணி நேரத்தில் பேட்டரி போய்விடும். ஏறின அன்றைக்கே அறைக் கதவில் இருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள், இருட்டில் கை எண்ணும். பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும். ஒரு பனையோலை விசிறி. எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் சொல்லவில்லை, டெக்கில் ராத்திரி படுத்தவனுக்குத் தெரியும்.

ரேவதி_மடிப்பாக்கம்:

விசிறியை அம்மா இப்போதே பெட்டியில் வைத்துவிட்டார். இரண்டு.